அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

(கர்நாடகத்தில், பெங்களூருவை அடுத்த சந்தாபுராவில் தமிழ்க் குடும்பங்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சந்தாபுராவில் இரண்டு தமிழர் நின்று பேசினால் சீக்கிரமே வந்துசேரும் கேள்வி ஒன்று உண்டு. "இங்கேயே ஒரு சைட் பார்த்து உட்கார்ந்துடலாமா, இல்ல ஓசூர் பக்கம் போயிடலாமா?" வேலை பொம்மசந்திராவில், ஜிகினியில், எலக்ட்ரானிக் சிட்டியில். சொந்தம் கிருஷ்ணகிரியில், தர்மபுரியில், திருவண்ணாமலையில். ஓசூர் இங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர்தான். நடுவில் அத்திப்பள்ளி, அதைத் தாண்டினால் ஜூஜூவாடி, அங்கே மாநிலம் மாறிவிடுகிறது. இந்தப் பேச்சில் ஒருவர் "கர்நாடகாவில் டாக்ஸ் ஜாஸ்தி" என்பார். இன்னொருவர் "தமிழ்நாட்டில் பத்திரச் செலவு தாங்காது" என்பார். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இந்த அரை உண்மைகளை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்கச் சேர்த்த பணத்தை ஒரு பக்கம் போட்டுவிடுகிறோம். அதனால்தான் இன்று கணக்கோடு வந்திருக்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்பார்கள். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. கலிபோர்னியாவில் உச்ச விகிதம் 13.3 சதவீதம். சான் ஹோசேவிலிருந்து ஆஸ்டினுக்குக் குடிபெயர்ந்தால் கையில் வரும் சம்பளமே மாறுகிறது. ஆனால் டெக்சஸ் தன் பள்ளிக்கூடங்களை நடத்தப் பணம் எடுப்பது வீட்டு வரியிலிருந்து. கலிபோர்னியாவோ 1978-இல் மக்கள் வாக்கெடுப்பு மூலம் வீட்டு வரிக்கு ஒரு சதவீத உச்சவரம்பு வைத்துவிட்டது. சம்பளத்தில் விட்டதை வீட்டில் பிடிக்கிறது ஒரு மாநிலம், வீட்டில் விட்டதைச் சம்பளத்தில் பிடிக்கிறது இன்னொன்று. அங்கே வாடகைக்கு இருப்பவருக்கும் சொந்த வீடு வாங்குபவருக்கும் விடை வேறு வேறு.

நம் நாட்டில் அந்தப் பெரிய வித்தியாசம் இல்லவே இல்லை. விவசாய வருமானம் தவிர மற்ற வருமானத்துக்கு வரி போடும் அதிகாரத்தை அரசியலமைப்புச் சட்டம் மத்திய அரசிடம் கொடுத்திருக்கிறது. சந்தாபுராவில் இருந்தாலும் எல்லைக்கு அந்தப் பக்கம் சூளகிரியில் இருந்தாலும் வருமான வரி ஒன்றே. 2025-26 நிதியாண்டில் புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவருக்கு வரியே இல்லை. சம்பளக்காரருக்கு நிலைக்கழிவு சேர்ந்து 12.75 லட்சம். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

அடுத்தது பொருள்களுக்கு வரி. 2017 ஜூலை 1-க்கு முன்பு இதில் வித்தியாசம் இருந்தது. வாட் வரியின் கீழ்ப்படி தமிழ்நாட்டில் 5 சதவீதம், கர்நாடகத்தில் 5.5. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் லாரிகள் மணிக்கணக்கில் நின்றதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போயின. ஃப்ரிட்ஜை ஓசூரில் வாங்கினாலும் இங்கே வாங்கினாலும் வரி விகிதம் ஒன்றே.

அப்படியானால் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவது எது? தொழில்வரி, பத்திரப் பதிவு, வண்டி வரி, பெட்ரோல் டீசல் வரி, வீட்டு வரி. முக்கியமானவை இவைதான். இதில் மதுவையும் சேர்க்கலாம். அதற்காக வீடு மாற்றுபவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

தொழில்வரியை முதலில் முடித்துவிடுவோம். அரசியலமைப்பின் 276-ஆம் பிரிவு இதற்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. எந்த மாநிலமும் அதைத் தாண்ட முடியாது. ஆனால் அந்த வரம்புக்குள் இரண்டு மாநிலமும் வேறு வேறு இடத்தில் கோடு போட்டிருக்கின்றன. கர்நாடகத்தில் 2023 ஏப்ரல் முதல், மாதச் சம்பளம் 25,000-ஐ எட்டாதவருக்குத் தொழில்வரி இல்லை. மேலே உள்ளவருக்கு மாதம் 200, பிப்ரவரியில் மட்டும் 300. தமிழ்நாட்டில் இதை உள்ளாட்சி அமைப்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாங்குகிறது. ஆறு மாதச் சம்பளம் 75,000-ஐத் தாண்டினாலே 1,250 ரூபாய். மாதம் 22,000 சம்பளம் வாங்கும் ஒரு தொழிலாளி பொம்மசந்திராவில் வேலை பார்த்தால் ஒன்றும் கட்ட வேண்டாம். அதே சம்பளத்துக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்தால் ஆண்டுக்கு 2,500 கட்ட வேண்டும். குறைந்த சம்பளக்காரர் மீது தமிழ்நாட்டின் கோடு கடுமையாகவே விழுகிறது. அது மாற வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு வீடு மாற்றக் கிளம்பாதீர்கள். தொழில்வரி போவது நீங்கள் வேலை செய்யும் இடத்துக்கு. ஓசூரில் குடியிருந்து பொம்மசந்திரா கம்பெனிக்கு வருபவரின் சம்பளச் சீட்டில் பிடிப்பது கர்நாடகத் தொழில்வரி. குடியிருப்பு மாறினாலும் அது மாறாது.

இப்போது பத்திரப் பதிவு. வரியில் உண்மையான தொகை இருக்கும் இடம் இதுதான். தமிழ்நாட்டில் 2017-இல் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை ஒன்றிலிருந்து 4 சதவீதமாக ஏற்றினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுபோய், கட்டணத்தை 2 சதவீதமாக இறக்கினார்கள். முத்திரைத் தீர்வை 7, பதிவு 2, ஆக 9 சதவீதம். கர்நாடகத்தில் முத்திரைத் தீர்வை 5. அதன்மேல் செஸ், சர்சார்ஜ் சேர்ந்து 5.6. பதிவுக் கட்டணம் ஒரு சதவீதமாக இருந்ததை 2025 ஆகஸ்ட் 31 முதல் 2 ஆக்கினார்கள். ஆக நகர்ப்பகுதியில் 7.6. இதற்கு முன்பு 6.6 தான். ஒரே இரவில் ஒரு சதவீதம் கூடியதை இந்த ஊரில் பத்திரத்துக்கு நாள் பார்த்திருந்தவர்கள் நன்றாக அறிவார்கள்.

30 லட்சம் மதிப்புள்ள ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். இங்கே 2,28,000 ரூபாய். ஓசூரில் 2,70,000. வித்தியாசம் 42,000. மனையை விட்டுப் புதிய அடுக்குமாடி வீடு என்றால் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் 2023 டிசம்பர் முதல், 50 லட்சம் வரையிலான புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு எல்லாம் சேர்ந்து 6 சதவீதம். கர்நாடகத்திலும் 45 லட்சம் வரையிலான ஃபிளாட்டின் முதல் பதிவுக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு. ஃபிளாட்டில் இரண்டு மாநிலமும் நெருங்கி வந்துவிடுகின்றன. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் ஊரில் சிறு மனை வாங்கும் குடும்பங்கள் இதை விடக் கூடாது. அக்கா பெயரிலோ அம்மா பெயரிலோ பதியுங்கள். சொத்து அவர்கள் கையில் இருப்பது வரிச் சலுகையைவிடப் பெரிய நன்மை.

அந்த 42,000 ரூபாய் ஒருமுறைதான் கட்டுவது. ஆனால் மனை சரியில்லை என்றால் இழப்பு லட்சத்தில் போகும். இங்கே, ஆனேக்கல் தாலூகாவில், ரெவின்யூ சைட் என்று விற்கப்படும் மனைகள் ஏராளம். விவசாய நிலத்தை மனையாக மாற்றும் டி.சி. கன்வர்ஷன் இருக்காது, லேஅவுட் அனுமதி இருக்காது, காத்தா எனும் சொத்துப் பதிவேட்டு நகலைக் கேட்டால் "அப்புறம் பண்ணிக்கலாம்" என்பார்கள். 2024 அக்டோபருக்குப் பிறகு இ-காத்தா இல்லாமல் பதிவு நடப்பதில்லை. சந்தாபுரா பெங்களூரு மாநகராட்சி எல்லையில் இல்லை, தனிப் புரசபை (நகராட்சி). ஆகவே காத்தாவும் கந்தாயம் எனும் சொத்து வரியும் புரசபையில் சரிபார்க்க வேண்டியவை. எல்லைக்கு அந்தப் பக்கத்திலும் இதே நிலைதான். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிய 2016-இலேயே தடை வந்தது, 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. ஓசூரில் மனை பார்ப்பவர் நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி எண்ணை, அதாவது டி.டி.சி.பி. எண்ணைக் கேட்க வேண்டும். ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவான வரி வித்தியாசத்துக்காக மாநிலத்தையே மாற்றுகிறவர், இந்த ஒரு தாளைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்க மறுப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

வண்டி வரிக்கு வருவோம். கர்நாடகத்தின் லைஃப் டாக்ஸ் நாட்டிலேயே அதிகமானவற்றில் ஒன்று என்பது சரியே. ஆனால் 2023 நவம்பரில் தமிழ்நாடும் ஏற்றிவிட்டது. 8 லட்சம் ரூபாய் காருக்குத் தமிழ்நாட்டில் 13 சதவீதம், 1,04,000. இங்கே 14 சதவீதமும் அதன்மேல் 11 சதவீத செஸ்ஸும் சேர்ந்து சுமார் 1,24,000. 15 லட்சம் ரூபாய் காரில் தமிழ்நாடு 18 சதவீதம், கர்நாடகம் 17-உம் செஸ்ஸும். வித்தியாசம் ஏறக்குறைய கரைந்துவிடுகிறது. அடி விழுவது பைக் வாங்கும் தம்பிகளுக்குத்தான். ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள பைக்குக்குத் தமிழ்நாட்டில் 12 சதவீதம், கர்நாடகத்தில் 18. 1,10,000 ரூபாய் பைக்கில் 6,600 ரூபாய் கூடுதல், செஸ் தனி.

இதைத் தவிர்க்க என்ன செய்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். ஊர் முகவரியில் டி.என். 70 பலகையோ டி.என். 24 பலகையோ வாங்கி, சந்தாபுராவில் ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள். வேறு மாநில வண்டி 30 நாளுக்கு மேல் இருந்தால் லைஃப் டாக்ஸ் என்று 2014-இல் கர்நாடகம் சட்டம் திருத்தியது. 2016-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை வைத்து "ஒன்றும் பயமில்லை" என்று பரப்புகிறார்கள். ஆனால் மத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு அப்படியேதான் இருக்கிறது. 12 மாதத்துக்கு மேல் ஒரு மாநிலத்தில் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். ஓசூரில் குடியிருந்து தினம் வந்துபோவது ஒன்று, இங்கேயே குடியிருப்பது இன்னொன்று. இங்கே குடியிருந்தால் ஊர் ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்கி, கே.ஏ. 59-க்கு மாற்றி, வண்டியின் வயதுக்கு ஏற்பக் குறைந்த வரியைக் கட்டுங்கள். மீதி வரியைத் தமிழ்நாட்டிடம் திரும்பக் கேளுங்கள். அலைச்சல் உண்டு. ஆனால் அது உங்கள் பணம்.

டீசல் பற்றி ஒரு செய்தி. 2025 ஏப்ரல் 1-இல் கர்நாடகம் டீசல் விற்பனை வரியை 18.44-லிருந்து 21.17 சதவீதமாக ஏற்றியபோது, அரசே வெளியிட்ட விளக்கத்தில் ஓசூரின் பெயர் இருந்தது. ஏற்றிய பிறகும் பெங்களூருவில் லிட்டர் 91.02, ஓசூரில் 94.42 என்று ஒப்பிட்டார்கள். வரி போடும் அரசும் நம்மைப் போலவே எல்லைக்கு அப்பால் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. பெட்ரோலில் வித்தியாசம் சொற்பம்.

ஆனால் லிட்டருக்கு எவ்வளவு என்பதைவிட எத்தனை லிட்டர் என்பது முக்கியம். ஓசூரிலிருந்து பொம்மசந்திராவுக்குத் தினம் போக வர 35 கிலோமீட்டருக்குக் குறையாது. பைக்கில் மாதம் 25 நாள் என்றால் பெட்ரோலுக்கே 1,700, 1,800 ரூபாய் ஆகும். ஆண்டுக்கு 20,000 ரூபாய்ப் பக்கம். கார் என்றால் அத்திப்பள்ளி டோலும் சேர்ந்துகொள்கிறது. மெட்ரோவின் மஞ்சள் பாதை 2025 ஆகஸ்ட் 10-இல் பொம்மசந்திரா வரை திறந்தது. ஓசூருக்கு அது வரவில்லை. பத்திரத்தில் ஒருமுறை வரும் 42,000-ஐயும், ஆண்டுதோறும் போகும் இந்த 20,000-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதுவரை சொன்னது நாம் கொடுப்பது. கொடுத்ததற்கு என்ன திரும்பக் கிடைக்கிறது என்று கேட்காத ஒப்பீடு பாதிக் கணக்குதான். இங்கேதான் நம் மக்கள் அதிகம் இழக்கிறார்கள்.

கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 முதல் சக்தி திட்டம் நடக்கிறது. கர்நாடக முகவரி உள்ள பெண்களுக்கு அரசின் சாதாரண பஸ்ஸில் பயணம் இலவசம். இங்கே பத்து வருடமாகக் குடியிருந்தும் ஆதாரில் ஊர் முகவரியையே வைத்திருக்கும் தங்கை, தினம் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போக டிக்கெட் எடுக்கிறாள். பக்கத்து இருக்கையில் இருப்பவள் எடுப்பதில்லை. குடும்பத்தலைவிக்குக் கிருகலட்சுமி திட்டத்தில் மாதம் 2,000 என்று தொடங்கினார்கள். அதற்குக் கர்நாடக ரேஷன் அட்டை வேண்டும். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15-இல் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயாகத் தொடங்கியது. அதற்குத் தமிழ்நாட்டு அட்டை. கிருக ஜோதி மின்சாரத்தில் 200 யூனிட் என்பது உச்சவரம்பு மட்டுமே. வீட்டின் முந்தைய சராசரியை ஒட்டித்தான் உங்கள் பங்கு. வாடகைக்காரரும் பதிந்துகொள்ளலாம், ஆனால் பலர் வீட்டுக்காரரிடம் கேட்கவே தயங்குகிறார்கள். இந்தத் திட்டங்கள் ஆட்சியோடு மாறக்கூடியவை, இவற்றை நம்பி மனை வாங்கக் கூடாது. ஆனாலும் பெட்ரோலில், சோப்பில் இந்த மாநிலத்துக்கு வரி கட்டிக்கொண்டே, அதன் பலனை முகவரி மாற்றாத ஒரே காரணத்தால் விட்டுவிடுவது அநியாயம்.

பிள்ளைகளின் படிப்பு இதைவிடக் கனமானது. கர்நாடகத்தில் சி.இ.டி. நுழைவுத் தேர்வு வழியாக அரசு இடம் கேட்க, பொதுவான வழி, இந்த மாநிலத்தில் ஏழு ஆண்டு படித்திருப்பது. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வரை அங்கே படித்திருந்தால் இருப்பிடச் சான்று கேட்பதில்லை, வெளியே படித்திருந்தால் கேட்பார்கள். 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் உதவித்தொகை எல்லாம் முக்கியமாக ஆறாம் வகுப்பு முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு. பத்தாவது வரை ஓசூரில் படிக்க வைத்து, பதினொன்று, பன்னிரண்டான பி.யு.சி.க்கு மட்டும் பெங்களூருவில் சேர்க்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குக் கர்நாடகத்தின் ஏழு ஆண்டும் இல்லை, தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிச் சலுகையும் போய்விடுகிறது. பெற்றோர் நல்லது நினைத்துத்தான் செய்கிறார்கள். சொல்ல ஆளில்லை என்பதுதான் குறை.

இன்னொன்றைத் தயங்காமல் சொல்ல வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்கு இந்த எல்லை வெறும் வரி எல்லை இல்லை. மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஒரு மாநிலத்தின் பட்டியலில் உள்ளவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்கே அந்த மாநில இடஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. சாதியின் பெயர் இரண்டு பட்டியலிலும் இருந்தாலும் முடியாது. 2018-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை உறுதிசெய்தது. சொந்த மாநிலத்தில் உள்ள உரிமை அழிவதில்லை, மத்திய அரசு வேலைக்குச் சொந்த மாநிலச் சான்றிதழ் செல்லும். ஆனால் கர்நாடக அரசின் வேலைக்கும் கல்லூரி இடத்துக்கும் அது செல்லாது. பிழைப்புக்காக வந்து, தலைமுறை தலைமுறையாகப் பெங்களூருவைக் கட்டிய கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகள் இதனால் பொதுப் போட்டியில் நிற்கிறார்கள். எந்த வரிப் பட்டியலிலும் இந்தச் சுமை எழுதப்பட்டிருக்காது. இந்தக் குடும்பங்கள் ஓசூர்ப் பக்கம் குடிபோவதை யோசிப்பதில் முழு நியாயம் இருக்கிறது. பெட்ரோல் செலவு 20,000 ஆனாலும் ஒரு மருத்துவக் கல்லூரி இடத்துக்கு முன்னால் அது பெரிதில்லை.

என் தீர்ப்பைக் கேட்டால் சொல்கிறேன். வேலை இங்கே, பிள்ளைகள் சிறியவர்கள், இடஒதுக்கீட்டுக் கேள்வி இல்லை, வாடகைதான் என்றால் சந்தாபுராவிலேயே இருங்கள். எல்லா ஆவணத்தையும் இந்த முகவரிக்கு மாற்றுங்கள். பிள்ளை ஐந்தாம் வகுப்பை முடிக்கப்போகிறது, ஊர்ச் சான்றிதழின் உரிமை உங்களுக்கு முக்கியம், ஓசூர் சிப்காட்டில் வேலை கிடைக்கக்கூடும் என்றால் தாமதிக்காமல் அந்தப் பக்கம் போங்கள். எது ஆனாலும் இங்கே ஒரு கால், அங்கே ஒரு கால் வைத்து இருபது வருடம் ஓட்டாதீர்கள். வண்டிக்கு ஒரு மாநிலம், ஆதாருக்கு ஒரு மாநிலம், பிள்ளையின் பள்ளிக்கு இன்னொன்று என்று இருக்கும் குடும்பம்தான் நான் பார்த்தவரை அதிக வரி கட்டுகிறது, குறைவாகப் பெறுகிறது.

பள்ளிச் சேர்க்கைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் இந்த ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காருங்கள். ஆதார், ரேஷன் அட்டை, வண்டிப் புத்தகம், பிள்ளையின் மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஐந்தையும் எடுத்து வைத்து, எதில் எந்த ஊர் முகவரி இருக்கிறது என்று பாருங்கள். புரோக்கரிடம் அட்வான்ஸ் கொடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.